அகப்பைக்கு ஒரு மரம், வெட்டுப்பலகைக்கு வேறு மரம்: சமையலறைச் சாமான்களுக்கு மரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கையால் கரண்டியோ பலகையோ செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். அதற்கு ஒற்றை விடை சொல்ல முடியாது. கொதிக்கும் சாம்பாரில் அரை மணி நேரம் கிடக்கும் கரண்டிக்கு வேண்டிய குணம் வேறு. நாள் முழுக்கக் கத்தியடி வாங்கும் பலகைக்கு வேண்டியது வேறு. மிளகும் கடுகும் போட்டு மூடி வைக்கும் அஞ்சறைப் பெட்டிக்கு இரண்டுமே தேவையில்லை. ஆகவே வேலையை முதலில் முடிவு செய்துவிட்டு மரக்கடைக்குப் போவதே சரி.

எந்த வேலையானாலும் பார்க்க வேண்டியவை நான்கு. மரத்திலிருந்து சாறோ கசப்போ நிறமோ உணவில் இறங்குகிறதா? அதன் துளைகள் பெரியவையா, நுண்ணியவையா? பெரிய துளையில் மஞ்சளும் எண்ணெயும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் வராது. நனைந்து காயும்போது எவ்வளவு விரிந்து சுருங்குகிறது? கடைசியாக, மெல்லிதாகச் செதுக்கினாலும் முறியாமல் நிற்குமா?

முதல் கேள்விக்கு வீட்டிலேயே சோதனை இருக்கிறது. எடுக்க நினைக்கும் கட்டையிலிருந்து 20 கிராம் சீவல் எடுத்து 200 மில்லி கொதிநீரில் போட்டு ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து நிறத்தையும் வாடையையும் பாருங்கள். வேங்கையைப் போட்டால் தண்ணீர் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீலம் மினுங்கும். வேங்கை மரக் குவளையில் இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் பழக்கமே அந்தச் சாறு இறங்குவதை நம்பித்தான். மருந்துக்கு அது சரி, ரசக் கரண்டிக்குச் சரிவராது. பலா மஞ்சளாகும். வேம்பில் கசப்பு நாவில் தெரியும். ஒரு எச்சரிக்கை: நன்றாகத் தெரிந்த, உணவுக்குப் புழங்கும் மரமாக இருந்தால் மட்டுமே அந்தத் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கலாம். பெயர் தெரியாத கட்டையை நாக்கில் வைக்கக்கூடாது.

அகப்பை, கரண்டி, தோசைத் திருப்பி

கடைகளில் அதிகம் விற்பது வேப்பமரக் கரண்டி. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எல்லா ஊரிலும் மரம் கிடைக்கிறது, விலை அதிகமில்லை, பூச்சி அரிப்பு குறைவு. எடையும் கைக்கு இதமானது. ஒரு கன செ.மீ. ஏறத்தாழ 0.7 கிராம். வேம்பு கிருமியைக் கொல்லும் என்ற விளம்பரத்தை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கழுவிக் காயவைக்காத வேப்பங்கரண்டியிலும் பூஞ்சை பிடிக்கும். வைரம் பாய்ந்த சிவந்த உட்பகுதியை எடுங்கள். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி சீக்கிரம் கறுக்கும், பூச்சியும் அங்கேதான் முதலில் புகும். புதுக் கரண்டியின் கசப்பு முதல் சில சமையல்களில் போகப்போகக் குறைந்துவிடும். அதைச் சீக்கிரம் போக்கக் கரண்டியை உலையில் போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். உள்ளே ஏறிய ஈரம் வெளியேறும்போது குழிவின் விளிம்பில் விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, நிழலில் காயவிட்டு, இதையே மூன்று நான்கு முறை செய்தால் போதும்.

வேம்பில் ஒரு தொல்லை உண்டு. அதன் ரேகை ஒரே திசையில் ஓடாது. ஒரு பட்டை இப்படியும் அடுத்தது எதிர்த்திசையிலும் பின்னிக்கிடக்கும். இழைப்புளி போட்டால் பாதி இடம் வழவழப்பாகும், மீதி இடம் பிய்ந்து வரும். அங்கே இழைப்பை நிறுத்திவிட்டு, கூர்மையான தட்டைச் சுரண்டியால் லேசாகச் சுரண்டி, உப்புத்தாளில் முடிக்க வேண்டும்.

வேம்பைவிடப் பூவரசே கரண்டிக்கு மேல் என்பது எங்கள் துணிபு. டெல்டாவிலும் கடலோரத்திலும் வேலி ஓரமாகவும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் இந்த மரத்தை விறகுக்குப் போடுவது பெரிய வீண். அதன் வைரம் கருஞ்சிவப்பு, துளை நுண்ணியது, மெருகு தானாக ஏறும். தண்ணீரைத் தாங்கும் என்பதால் படகு வேலைக்கும் எடுப்பார்கள். ஹவாய் தீவுகளில் இதே மரத்தை 'மிலோ' என்பார்கள். அங்கே கோவா என்ற உள்ளூர் மரத்தின் கசப்பு உணவில் இறங்கும் என்று அதைத் தவிர்த்து, சுவை கெடாத மிலோவில் உணவுக் கிண்ணங்கள் கடைந்தார்கள். பூவரசின் குறை, நேரான நீளக் கட்டை கிடைப்பது அரிது. அடிமரம் கோணலாக இருக்கும், பழைய மரமானால் நடுவில் பொந்து விழுந்திருக்கும். மேசை செய்பவருக்கு அது பெருங்குறை. கரண்டிக்கு வேண்டியது 15 அங்குலம்தானே, கோணல் கிளையிலும் அது கிடைக்கும். சொல்லப்போனால் இயற்கையாக வளைந்த கிளையில் ரேகையும் வளைந்தே ஓடுவதால், வளைந்த பிடியுள்ள அகப்பைக்கு நேர்க்கட்டையைவிட அதுவே உறுதி.

மஞ்சக் கடம்பு கிடைத்தால் விடாதீர்கள். சீரான நுண் ரேகை, மஞ்சள் நிறம், கடைசல் பட்டறையில் வெண்ணெயாய் வெட்டும். மத்து, பருப்பு கடைசல் கட்டை, சிறு கிண்ணம் இவற்றுக்கு ஏற்றது. ஆனால் இப்போது எல்லா மரக்கடையிலும் இருக்காது.

தேக்கில் கரண்டி செய்பவர்கள் பலர். நனைந்தாலும் வடிவம் மாறாதது அதன் பெரிய பலம். ஆனால் தேக்கு அடி தாங்காது. கழுத்தை மெல்லிதாக்கிய கரண்டியால் பாத்திர விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டினால் ரேகை வழியே பிளக்கும். தேக்கில் செய்துதான் ஆக வேண்டுமென்றால் கழுத்து 14 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். வேம்பிலும் பூவரசிலும் 10 முதல் 12 மி.மீ. போதும். குழிவின் சுவர் எந்த மரமானாலும் 5, 6 மி.மீ. இருக்கட்டும்.

மரம் எதுவானாலும், கரண்டி முறிவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டையை வெட்டிய திசைதான். வெட்டிய கட்டையின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். ரேகைக் கோடுகள் பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். கழுத்து வரும் இடத்தில் கோடு மேல்முகத்தில் நுழைந்து கீழ்முகத்தில் வெளியேறினால், மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கரண்டி அங்கேதான் முறியும். கணு கழுத்தில் வரக்கூடாது. பிடியின் நுனியில் வந்தால் பரவாயில்லை. கிளையின் நடுத்தண்டு, அதாவது நெஞ்சுப் பகுதி, கட்டைக்குள் இருக்கவே கூடாது. அது இருந்தால் காயும்போது விரிசல் நிச்சயம். அதனால் 4 அங்குலத்துக்குக் குறைந்த கிளையை எடுக்காமல், நடுவில் பிளந்து, நெஞ்சை நீக்கிவிட்டு இரண்டு பாதியிலும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும்.

வெட்டுப்பலகை

இங்கே புளிக்கு நிகர் இல்லை. கறிக்கடைகளில் கிடக்கும் உருண்டைக் கட்டை புளியந்தண்டுதான். தாய்லாந்திலும் வெட்டுக்கட்டைக்குப் புளியையே எடுக்கிறார்கள். பின்னிய ரேகை என்பதால் வெட்டு விழுந்தாலும் சில்லு பெயராது, பிளக்கவும் செய்யாது. எடைதான் விலை. 30 × 20 × 3 செ.மீ. பலகை என்றால் 1,800 கன செ.மீ. புளியில் அது 1.6 கிலோவுக்கு மேல் வரும், வேம்பில் ஒன்றேகால் கிலோ, மாவில் ஒரு கிலோவும் கொஞ்சமும். கறி வெட்ட அந்தக் கனம் உதவி, பலகை நகராது. தினமும் வெங்காயம் நறுக்கிவிட்டுத் தூக்கிக் கழுவ வேண்டிய வயதானவர்களுக்கு வேம்பே நல்லது.

உலர்ந்த புளியில் வேலை செய்வது கடினம். உளி துள்ளும், ரம்பம் சூடாகும். ஈரமாக இருக்கும்போதே வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கூட வைத்து அறுத்துக்கொண்டு பிறகு உலர்த்துவது புத்திசாலித்தனம். புளியின் வெள்ளைப் பகுதி அகலம். வைரம் சிறிது, கருமையானது. வெள்ளையில் துளைப்பூச்சி ஏறும். அறுத்ததும் அடுக்கி மூலையில் போட்டுவிட்டால் சில மாதங்களில் 1, 2 மி.மீ. துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் தெரியும்.

கத்தியின் கூர் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தின் குறுக்குவெட்டு முகம் மேலே வரும் பலகையில் கத்தி நார்களுக்கு இடையே இறங்கி ஏறும். கூர் நிற்கும், வெட்டுத் தடமும் பாதி மூடிக்கொள்ளும். நீளவாக்குப் பலகையில் கத்தி நாரையே அறுக்கிறது. முதலாவது அதிக உழைப்பு, அதிகப் பசை இணைப்பு. கறி, மீன் வெட்ட அது தகும். காய்கறிக்கு நீளவாக்குப் பலகை தாராளம். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. ஈரம் தாங்கினாலும் கத்தியை மற்ற மரங்களைவிட விரைவில் மழுங்கடிக்கும்.

30 செ.மீ. அகலத்துக்கு ஒரே பலகையை எடுத்தால் அது கிண்ணம் போல வளையும். 4, 5 செ.மீ. பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நிமிர்த்தி ஒட்டுவதே நிலைக்கும். பசை வாங்கும்போது தண்ணீர் தாங்கும் டி-3 தரம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண வெள்ளைப் பசை கழுவக் கழுவ விட்டுவிடும். தேக்கை ஒட்டுவதானால் அதன் எண்ணெய்ப் பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, சில நிமிடங்களிலேயே பசை தடவிவிடுங்கள்.

மரப்பலகை அசுத்தம், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலும் டீன் கிளைவர் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வுகள் அதற்கு எதிராகவே நின்றன. மரத்தில் கிருமிகள் ஈரத்தோடு உள்ளே இழுக்கப்பட்டுப் பெருகாமல் மடிந்தன. கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கடினமாக இருந்தது. ஆனாலும் கோழிக்கறிக்கு ஒரு பலகை, பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கு வேறு பலகை என்ற ஒழுங்கை விடக்கூடாது.

பலாவும் மாவும்

பலாவின் மஞ்சள் வெறும் அழகு அல்ல. அதன் சீவலைக் கொதிக்க வைத்து எடுத்த சாயத்தில்தான் பர்மா, தாய்லாந்து பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறம் ஏற்றினார்கள். அதே சாயம் பால் கிண்டும் கரண்டியிலும் இறங்கும். ஆபத்தில்லை, ஆனால் பாயசம் மஞ்சளாவதை யாரும் விரும்பமாட்டார்கள். அஞ்சறைப் பெட்டி, உப்பு மரவை, பழத்தட்டு என உலர்ந்த வேலைக்குப் பலா அருமை: லேசானது, வளையாது, நாள்பட நாள்பட மஞ்சள் செம்பழுப்பாகக் கனியும்.

மா மலிவு. மில்லில் எப்போதும் கிடைக்கும். ஆனால் அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சைக் கறை ஓடும், பூச்சியும் விரும்பி ஏறும். ஈரமும் சூடும் மாறிமாறிப் படும் கரண்டிக்கு மாவை எடுக்காதீர்கள். பரிமாறும் தட்டுக்கு எடுக்கலாம். மாம்பால் பட்டாலே தோல் வெந்துபோகிறவர்கள் பச்சை மாங்கட்டையை இழைக்கும்போது கவனமாக இருக்க வேண்டும்.

தள்ளி வைக்க வேண்டியவை

எட்டி, அரளி, தில்லை, சேங்கொட்டை, கள்ளி வகைகள்: இவற்றின் கட்டை சமையலறைக்குள் வரவே கூடாது. தில்லைப் பால் கண்ணைக் கெடுக்கும். எட்டியில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முந்திரி மரமும் வேண்டாம். அதன் பட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும்.

தோதகத்தி (ரோஸ்வுட்) அழகுதான், ஆனால் அதன் தூள் பலருக்கு ஒவ்வாமை தரும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டுக்கு அனுப்புவதிலும் சிக்கல். தோட்டத்து ரப்பர் மரத்தைப் பூச்சிக்குப் பயந்து பெரும்பாலும் போராக்ஸ் கரைசல் ஏற்றித்தான் விற்கிறார்கள். நாற்காலிக்கு அது சரி. கொதிக்கும் குழம்பில் போடும் கரண்டிக்கு, மருந்து ஏற்றாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எடுங்கள்.

பழைய மரக்கடைச் சரக்கில் கூடுதல் விழிப்பு வேண்டும். பழைய வீட்டுக் கதவு, சன்னல் தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும், ஆசையாக இருக்கும். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும், எவ்வளவு இழைத்தாலும் தீராது. சரக்குப் பெட்டி, பாலெட் மரத்தில் முத்திரை பாருங்கள். 'எச்.டி.' என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. இரண்டாவதைத் தொடாதீர்கள். முதலாவதிலும், மேலே என்ன சரக்குக் கொட்டியது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

காயவைப்பது

நல்ல மரத்தை ஈரத்தோடு செதுக்கி உடனே பயன்படுத்தத் தொடங்குவதுதான் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் கொஞ்சம் முன்னதாகவே ஆகும். குறுக்குவெட்டு முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசுங்கள், இல்லாவிட்டால் நுனி முதலில் காய்ந்து வெடிக்கும். அடுக்குகளுக்கு இடையில் ஒரு அங்குலக் குச்சி வைத்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்குங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தராசு சொல்லும். கட்டையில் எடையை எழுதி வைத்து வாரம் ஒரு முறை நிறுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையாவிட்டால் அந்த ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், கட்டையின் நடுவிலிருந்து சிறு துண்டு அறுத்து நிறுத்து, 103° செ. அடுப்பில் ஒரு நாள் வைத்து மறுபடி நிறுங்கள். 120 கிராம் 105 ஆனால், குறைந்த 15ஐ 105ஆல் வகுத்து ஈரம் 14 சதவீதம் என்று கொள்ளலாம். கடலோர ஊர்களில் பருவத்துக்கேற்ப 12 முதல் 16 வரை இருக்கும். அதற்குக் கீழே மரம் தானாக இறங்காது.

கரண்டியை மட்டும் பச்சையாகச் செதுக்க வழி உண்டு. எல்லாப் பக்கமும் 3, 4 மி.மீ. கூட விட்டுச் செதுக்கி, அதே மரச் சீவலோடு காகிதப் பையில் போட்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். மெதுவாகக் காயும், வெடிப்பு அரிது. பிறகு இறுதி வடிவம் கொடுங்கள்.

உப்புத்தாள் 120, 180, 220 என்று முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் எழும்பி நிற்கும். அதை 220இல் மறுபடி நீக்க வேண்டும். இதை இரண்டு முறை செய்யாத கரண்டி முதல் கழுவலிலேயே சொரசொரப்பாகிவிடும். இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தேக்கு, வாகைத் தூள் மூக்கையும் தோலையும் உடனடியாகவே வாட்டும்.

மேற்பூச்சு

வீட்டில் இருக்கும் நல்லெண்ணெயைத் தடவுவது எளிது, ஆனால் அது பாதி உலர்ந்து பிசுபிசுப்பாக நிற்கும்; அதில் தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய் பிசுக்காது, நாளாக ஆகக் காறல் வாடை வரும். அடிக்கடி கழுவித் தினமும் புழங்கும் கரண்டிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். எப்போதாவது எடுக்கும் பலகைக்கு வேண்டாம். பலகைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐ.பி. (இந்திய மருந்தியல் நூல்) தர லிக்விட் பாரபின் நல்லது, கெடாது, வாடையில்லை. மேலே குறிப்பிட்ட அளவுப் பலகைக்கு முதல் முறை 20, 30 மில்லி குடிக்கும், அதிலும் குறுக்குவெட்டு விளிம்புகள் அதிகம் இழுக்கும். கொஞ்சம் கெட்டிப் பூச்சு வேண்டுமானால் எடைக்கு நான்கு பங்கு பாரபினில் ஒரு பங்கு தேன்மெழுகை, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கிக் கலக்குங்கள். நேரடித் தீயில் உருக்க வேண்டாம். தேன்மெழுகு 62° செ. வாக்கில் உருகிவிடும் என்பதால் கொதிக்கும் குழம்புக் கரண்டியில் அது நிற்காது.

கரண்டியில் நிலைப்பது உலரும் எண்ணெய்தான். சாப்பிடும் தர ஆளி விதை எண்ணெயை மிக மெல்லிதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, வெயில்படும் இடத்தில் சில நாள் விட்டு, மூன்று பூச்சு கொடுங்கள். முழுதாக உலர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பெயின்ட் கடையில் 'பாயில்டு' என்று விற்கும் ஆளி எண்ணெய் வேண்டாம். அதில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் கரண்டியில் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்து உணவில் கலக்கும். அரக்குப் பூச்சு உண்ணத் தகுந்ததுதான், ஆனால் சூட்டிலும் சோப்பிலும் வெளுத்துப் போகும். பெட்டியின் வெளிப்புறத்துக்கு மட்டும் அது சரி.

ஈரமான இரும்புக் கத்தியையோ கடாய் மூடியையோ பலகையில் வைத்துவிட்டால், துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் நீலக்கருப்புக் கறை விழும். கருவேலத்தில் இது மிக அதிகம். அது பூஞ்சை அல்ல, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த மை. எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். எலுமிச்சைக்கும் போகாமல் புள்ளி புள்ளியாக நின்று, நகத்தால் சுரண்டினால் உள்ளேயும் கருப்பாக இருந்தால் அது பூஞ்சை. இழைத்துப் பாருங்கள், 2 மி.மீ.க்குக் கீழும் தொடர்ந்தால் அந்தப் பலகையை அடுப்புக்குப் போடுங்கள். குழிவில் நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் விட்ட கரண்டியையும் பசை வைத்து ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம்.